நம்ம எம்.பி.

என் அப்பாவுக்கு ஆஸ்திரேலியாவின் பிரதமர் யார் என்று கடைசிவரை நிச்சயமாகத் தெரியாது. பதினோரு வருஷம் மெல்பர்னில் இருந்த மனுஷன். ஸ்பிரிங்வேல் மார்க்கெட்டில் எந்தக் கடைக் கருவாட்டில் உப்பு குறைவு என்று தெரியும். எந்த பஸ் டிரைவர் நின்று ஏற்றிக்கொள்வான், எவன் கண்டும் காணாமல் போவான் என்று தெரியும். 2007-இல் இங்கே ஆட்சியே மாறியது. மறுநாள் காலை கோப்பியை ஆற்றிக்கொண்டே, "என்னா, டீவியில ஒரே கூச்சலா இருக்கு?" என்று கேட்டார். ஆனால் இங்கிலாந்தில் எந்த அமைச்சரோடு எந்த அமைச்சருக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்று கேளுங்கள், மூச்சு விடாமல் சொல்வார். மூச்சு இருந்த காலத்தில் சொல்வார்.

காரணம் என் தம்பி நித்தியானந்தன். அவன் இங்கிலாந்தில் மாட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கதையை நான் எப்போது சொன்னாலும் கேட்கிறவர்கள் "அது எப்படி?" என்பார்கள். அதனால் நிதானமாகவே சொல்கிறேன். நிதானம் எனக்குக் கொஞ்சம் கஷ்டம். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள், நாள் முழுக்கக் கத்திப் பழகியவள்.

அப்பா சுப்பிரமணியம் பினாங்கில் வெள்ளைக்காரன் காலத்தில் பிறந்தவர். துறைமுக ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மலாயாவுக்குச் சுதந்திரம் கொடுத்தபோது, பினாங்குக்காரர்களுக்கு மட்டும் ஒரு வால் விட்டு வைத்தார்கள். மலேசியக் குடியுரிமையோடு பிரிட்டிஷ் தொடர்பும் கொஞ்சம் இருக்கும், பிள்ளைகளுக்கும் வரும். அதற்குப் பிற்பாடு வைத்த பெயர் பிரிட்டிஷ் ஓவர்சீஸ் சிட்டிசன். கேட்டால் ஒரு பாஸ்போர்ட்டும் தருவார்கள். வெளியட்டை அசல் பிரிட்டிஷ்காரன் பாஸ்போர்ட்டின் அதே சிவப்பு. ஆனால் அதை வைத்துக்கொண்டு பிரிட்டனில் குடியிருக்க முடியாது. அப்பா அந்த மூன்று சொல்லில் கடைசிச் சொல்லை மட்டும்தான் வாசித்தார்.

நித்தி 2001-இல் பர்மிங்காம் பக்கத்தில் ஒரு சின்ன ஊருக்குக் கணக்கியல் படிக்கப் போனான். அங்கே பினாங்குப் பையன்களிடம் ஒரு வக்கீல் சொன்னான்: சட்டம் மாறிவிட்டது, மலேசியக் குடியுரிமையைக் கைவிடுங்கள், வேறு நாடே இல்லாதவர்களை பிரிட்டன் எடுத்துக்கொண்டே ஆக வேண்டும். 2003-இல் நித்தி அப்பாவுக்கு ஃபோன் போட்டுக் கேட்டான். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"வெள்ளைக்காரன் எழுதிக் குடுத்தா எழுதிக் குடுத்ததுதான்" என்றார் அப்பா. "போய்க் கையெழுத்துப் போடு."

எனக்கும் அந்த யோகம் இருந்தது. நான் அதற்கு முன்பே ஆஸ்திரேலியக் குடியுரிமை எடுத்துவிட்டதால் தப்பித்தேன். நித்தி லண்டனில் மலேசியத் தூதரகத்துக்குப் போய் பாஸ்போர்ட்டையும், ஐசி என்கிற அடையாள அட்டையையும் கொடுத்தான். பாஸ்போர்ட்டின் மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டித் திருப்பிக் கொடுத்தார்களாம். அதற்குப் பிறகுதான் தெரிந்தது, சட்டத்தில் ஒரு தேதி இருக்கிறது. அந்தத் தேதிக்குப் பிறகு தன் நாட்டைக் கைவிட்டவனுக்கு ஒன்றும் கிடையாது. நித்தி கைவிட்டது அதற்குப் பிறகு. மலேசியா, நீ எங்கள் ஆள் இல்லை என்றது. பிரிட்டன், நீ எங்கள் ஆள்தான், ஆனால் இங்கே இருக்க முடியாது என்றது. வக்கீல் ஆபீசை மூடிக்கொண்டு போய்விட்டான்.

இங்கே எங்களைப் பார்க்க வர இரண்டு தடவை விசா கேட்டான். இரண்டு தடவையும் ஒரே கேள்வி: திரும்பிப் போக உனக்கு எந்த நாடு? அதற்கு அவனிடம் பதில் இல்லை. விசாவும் இல்லை.

எங்கள் வீட்டில் எல்லாக் கதையும் அதற்குப் பிறகு ஒரே இடத்தில் வந்து நின்றது. அப்பா சாவதற்குள் நித்தியைப் பார்க்க வேண்டும். நித்தி வர வேண்டும் என்றால் பேப்பர் வேண்டும். பேப்பர் வேண்டும் என்றால் பிரிட்டனில் யாராவது மனசு வைக்க வேண்டும். மனசு வைக்கப் போவது யார் என்று அப்பா ஒவ்வொரு வருஷமும் ஒருவரைக் காட்டினார்.

2005-இல் அங்கே பொதுத் தேர்தல். நித்தியின் மாணவர் விசா அப்போது முடியவில்லை. காமன்வெல்த் ஆள் என்பதால் அவன் ஓட்டுப் போடலாம் என்றார்கள். குடியிருக்க உரிமை கிடையாது, ஓட்டுப் போட உரிமை உண்டு. எனக்கு இன்றுவரை இது விளங்கவில்லை. ஆளும் கட்சி வேட்பாளர் வீடு வீடாக வந்தபோது நித்தி வாசலிலேயே தன் கதையைச் சொல்லியிருக்கிறான். அந்த ஆள் பாதி மழையில் நனைந்தபடி முழுக்கக் கேட்டு, கை குலுக்கி, ஜெயித்து வந்தால் இதைக் கட்டாயம் எடுத்துப் பேசுகிறேன் என்றாராம். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டில் "நம்ம எம்.பி." அவருடைய பெயரை அப்பா ஒருநாளும் சொன்னதில்லை.

ஓட்டுப் போடப் போகும் அன்று அப்பா ஃபோனில் அவனுக்குப் பாடமே எடுத்தார். "ஒரே ஒரு பெருக்கல் குறி. கோடு கட்டத்துக்கு வெளிய போயிடக் கூடாது. அழுத்தமாப் போடு."

இங்கே ஆஸ்திரேலியாவில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லாப் பெயருக்கும் நம்பர் போடுகிற வழக்கம். "அப்பா, உங்களுக்கு இங்க ஓட்டே இல்ல, அங்க போடுறதுக்கு நீங்க வாத்தியாரா?" என்று கேட்டேன்.

"நீ சும்மா இரு லா. உங்க நாட்டுல அது ஓட்டா, லாட்டரியா?" என்றார், பினாங்கு 'லா'வை விடாமல்.

நம்ம எம்.பி. ஜெயித்தார். அப்பா மார்க்கெட்டிலிருந்து ஒரு முழுப் பலாப்பழத்தைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்து உரித்து, தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தார். எதிர்வீட்டு வியட்நாம்காரருக்கு எதற்கு என்றே தெரியாது. வாங்கிக்கொண்டு வாழ்த்துச் சொன்னார்.

அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. நம்ம எம்.பி. அமைச்சருக்கு எழுதினார், அமைச்சர் கவனத்தில் கொண்டிருப்பதாகப் பதில் எழுதினார். அந்த வருஷக் கடைசியில் நித்தியின் விசா முடிந்தது. அவனை வெளியேற்றவும் முடியாது, ஏற்றிக்கொள்ள நாடு வேண்டுமே. ஒரு மலேசியச் சாப்பாட்டுக் கடையின் சமையல்கட்டில் மறைவாக வேலை செய்துகொண்டு, கடைக்கு மேலே ஓர் அறையில் இருந்தான்.

2006-இல் நான் அப்பாவிடம் சொன்னேன். அப்போது அவருக்கு எழுபத்தைந்து வயது. நல்ல கால், நல்ல மூச்சு. "அவன்தானே வர முடியாது? நீங்க போகலாமே. மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு அங்க விசாகூட வேணாம். டிக்கெட் நான் போடுறேன்."

"வேணாம்."

"ஏன் வேணாம்?"

"நான் போய்ப் பார்த்தா, அவன் வர மாட்டான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், ராஜி. அவன் சிவப்புப் பாஸ்போர்ட்டோட இந்த வாசல்ல வந்து நிப்பான். எலெக்சன் வரட்டும், பார்க்கலாம்."

நான் கத்தினேன். பிடிவாதம் பிடித்த கிழவன் என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவர் பேப்பரை விரித்துக்கொண்டார். என் காரில் மாணவர் பக்கம் ஒரு பிரேக், என் பக்கம் ஒரு பிரேக் உண்டு. அப்பாவுக்கு அப்படி ஒன்றை யாரும் பூட்டி வைக்கவில்லை.

கடைசியில் நான்தான் போனேன். பத்து நாள். நித்தி எனக்கு மீ கோரெங் நூடுல்ஸ் செய்து போட்டான், அம்மா இருந்த காலத்தில் செய்த மாதிரியே புளிப்பாக. கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தான். முன்தலை வழுக்கையாகியிருந்தது. கிளம்பும் அன்று, "அப்பா ஏன்க்கா வரலை?" என்று கேட்டான். முழங்கால் வலி என்றேன். அவன் தலையாட்டினான். முழங்கால் என்று நம்பினானா தெரியாது.

2007 நடுவில் அங்கே பிரதமர் மாறினார். தேர்தல் இல்லாமலே, கட்சிக்குள்ளேயே, பழையவர் இறங்கி அடுத்தவர் ஏறினார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பழைய ஆள் போனா பழைய சட்டமும் போகும்" என்றார். செப்டம்பரில் திடீர்த் தேர்தல் வரப்போகிறது என்று ஒரே பேச்சு. அப்பா என் கணவர் தனபாலனை விடவில்லை. பின்னறையைக் காலி செய்ய வைத்து, சுவருக்கு இளநீலம் பூச வைத்து, ஒரு கட்டிலும் வாங்கிப் போட வைத்தார். தனபாலன் எதற்கும் முகம் சுளிக்காத ஆள். வாரக் கடைசி முழுக்கப் பூசினார். அக்டோபரில் புதுப் பிரதமர், தேர்தல் இப்போது இல்லை என்று சொல்லிவிட்டார்.

"பயந்துட்டான்" என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார். அந்த அறை நித்தி ரூம் என்று பேராகி, அதில் நாங்கள் துணி காயப்போட்டோம்.

அடுத்த வருஷம் ஆளும் கட்சிக்கு அடிமேல் அடி. எந்தக் கருத்துக்கணிப்பைப் பார்த்தாலும் எதிர்க்கட்சிதான் மேலே. அப்பா சத்தமில்லாமல் கட்சி மாறினார். "யோசிச்சுப் பாரு, பினாங்குக்கு வாக்குக் குடுத்தப்ப ஆட்சியில இருந்தது யாரு? இவங்கதான். வாக்குக் குடுத்தவன் வந்தாத்தான் வாக்கைக் காப்பாத்துவான்."

"அப்ப நம்ம எம்.பி.? அவரு ஆளும் கட்சியாச்சே?"

"ஆட்சி தோக்கணும். நம்ம எம்.பி. மட்டும் ஜெயிக்கணும்" என்றார், சோறு வேண்டும், குழம்பு வேண்டாம் என்கிற மாதிரி. நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

2009 பிறந்தபோது அவரால் கோபப்படவும் முடியவில்லை. துறைமுகத்தில் முப்பது வருஷம் ஊதித் தள்ளிய சிகரெட் நுரையீரலைத் தின்று முடித்திருந்தது. வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைத்துக்கொடுத்தார்கள். மூக்கில் குழாயோடு ஹாலில் உட்கார்ந்திருப்பார். குழாய் பாத்ரூம் வரை நீளும், வாசல் வரை நீளாது. இனி விமானம் ஏறுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம் என்றார் டாக்டர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தக் குளிர்காலத்தைத் தாண்டுவது சந்தேகம் என்றும் சொன்னார். அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. அவர் தானாகவே ஒரு கணக்கு வைத்திருந்தார். அடுத்த வருஷம் நடுவுக்குள் அங்கே தேர்தல் வந்தே ஆக வேண்டும். "அதுவரைக்கும் இருந்துட்டாப் போதும்" என்றார்.

ஏப்ரல் மாதம், யாரும் எதிர்பார்க்காதபோது, நம்ம எம்.பி. உண்மையாகவே ஒரு காரியம் செய்தார். நித்தி உட்பட, அப்படி மாட்டிக்கொண்ட பினாங்குக்காரர்கள் ஐந்து பேரை அழைத்துக்கொண்டு ஜூன் மாதம் அமைச்சரை நேரில் பார்க்க நேரம் வாங்கிவிட்டார். நித்தி அன்றே ஃபோன் போட்டான். ஒரு கோட்டு இரவல் வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னான். அப்பா அன்றைக்கு இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார். நித்தி ரூமிலிருந்து துணிக்கொடியை எடுக்கச் சொன்னார். நான் எடுத்தேன். மறைப்பானேன், எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. ஆறு வருஷமாக வராத நம்பிக்கை அந்த ஏப்ரலில் போய் வந்தது.

அப்பாவுக்கு அச்சில் வந்தால்தான் செய்தி. டீவியை நம்ப மாட்டார், கம்ப்யூட்டரை அறவே நம்ப மாட்டார். பிரிட்டிஷ் பத்திரிகை ஒன்றின் வாரப் பதிப்பு ஸ்பிரிங்வேல் ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்கு வரும், ஒரு வாரம் பழசாக. முன்பெல்லாம் அவரே நடந்துபோய் வாங்குவார். இப்போது நான் பாடம் முடித்து வரும்போது வாங்கி வருவேன். ஆகவே அங்கே நடப்பது எங்கள் வீட்டில் ஒரு வாரம் கழித்துத்தான் நடக்கும்.

அந்த மே மாதம் எல்லாருக்குமே கெட்ட மாதம். என்னிடம் கார் பழகிக்கொண்டிருந்த விமலாதேவி முல்லைத்தீவுப் பெண். ஒருநாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காரை எடுக்காமலே உட்கார்ந்திருந்தார். அவருடைய அக்கா குடும்பத்திடமிருந்து ஒரு தகவலும் இல்லை. "லண்டனில பாராளுமன்றத்துக்கு முன்னால எங்கட சனம் றோட்டில இருக்கினம், ராஜகுமாரி. உள்ளுக்க இருக்கிறவை ஒருத்தரும் நிமிந்து பாக்கேல்லை" என்றார். அன்று பாடம் வேண்டாம் என்று நானே அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அவர் வீட்டு வாசலிலிருந்து நான் கிளம்பும்போதுதான் நித்தியின் ஃபோன் வந்தது.

"அக்கா, நம்ம எம்.பி. போயிட்டாரு."

"ஐயோ, செத்துட்டாரா?"

"இல்லக்கா. அடுத்த எலெக்சன்ல நிக்க மாட்டாராம்."

விஷயம் இதுதான். எம்.பி.க்கள் அரசாங்கப் பணத்தில் என்னென்ன செலவு எழுதினார்கள் என்று அங்கே ஒரு பத்திரிகை நாள்தோறும் போட்டு உடைத்துக்கொண்டிருந்தது. நம்ம எம்.பி.யின் முறையும் வந்தது. தன் இரண்டாவது வீட்டுக்கு ஒரு புல்வெட்டும் மெஷின் வாங்கி அதை அரசாங்கச் செலவில் எழுதியிருக்கிறார். தொகுதியில் ஒரே கலவரம். கட்சியே அவரை ஒதுங்கச் சொல்லிவிட்டது. அமைச்சரைப் பார்க்கிற ஏற்பாடும் ரத்து. அந்த ஐந்து பேரும் எங்கே போவது என்று கேட்டதற்கு, அடுத்து வருகிறவரைப் பாருங்கள் என்று அவருடைய ஆபீசில் சொன்னார்களாம்.

"அப்பாகிட்ட சொல்லாதக்கா" என்றான்.

நான் காரிலேயே உட்கார்ந்து ஆசைதீர வைதேன். தமிழில் கொஞ்சம், மலாயில் கொஞ்சம். வங்கியைக் கொள்ளையடித்தான் என்றால்கூட மனசு ஆறியிருக்கும். புல்! ஒரு மனுஷனுடைய தலையெழுத்துப் புல்லு வெட்டுகிற மெஷினில் போய் மாட்டுமா?

ஒரு வாரம் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. அப்பா தினமும் ஜூன் சந்திப்பைப் பற்றிப் பேசினார். நித்தி அமைச்சரிடம் முதலில் என்ன சொல்ல வேண்டும், உட்காரச் சொன்னால்தான் உட்கார வேண்டும், தாத்தா காலத்துப் பினாங்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான் சரி சரி என்று கேட்டுக்கொண்டு கஞ்சி கொடுத்தேன். வியாழக்கிழமை பத்திரிகையை வாங்கி, காரில் வைத்தே புரட்டினேன். ஆறாம் பக்கத்தில் நம்ம எம்.பி. படத்தோடு இருந்தார். படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தத் தாளை மட்டும் மெதுவாக உருவி, சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு, மீதியைக் கொண்டுபோய் அப்பா மடியில் வைத்தேன்.

நான் சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஹாலில் பேப்பர் சத்தம் நின்றது.

"ராஜி."

"என்னப்பா?"

"நாலாம் பக்கத்துக்கு அப்புறம் ஏழாம் பக்கம் வருது."

அவர் கோபப்படவில்லை. "போய் எடுத்துட்டு வாம்மா" என்றார்.

எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். கண்ணாடியை மூக்குக் குழாய்க்கு மேலே சரிசெய்துகொண்டு வரி வரியாக வாசித்தார். இரண்டாவது தடவையும் வாசித்தார்.

"புல்லு வெட்டுற மெஷினா?"

"ஆமாப்பா."

"வெட்டினானா?"

"என்னது?"

"புல்லை. வாங்கினானே, வெட்டினானா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. இருவரும் சிரித்தோம். அவருடைய சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, உதடு நீலம் பாய்ந்து, தனபாலன் ஓடிவந்து மெஷினை ஏற்றி வைக்கும்படி ஆயிற்று. மூச்சுத் திரும்பியபோது கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. சிரித்ததால் வந்ததா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அங்கே அமைச்சர்கள் ஒவ்வொருவராக ராஜினாமா செய்தார்கள். பிரதமர் இன்று விழுவார், நாளை விழுவார் என்றார்கள். உள்துறைக்கு வேறு ஆள் வந்தார். முன்பென்றால் அப்பா திருவிழா கொண்டாடியிருப்பார். இப்போது பத்திரிகை மடியில் பிரிக்காமல் கிடந்தது. பிரதமர் விழவில்லை. தேர்தலும் நெருங்கவில்லை. அப்பாதான் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்துகொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நித்தியைக் கூப்பிட்டு ஃபோனை ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"புதுசா யாரு நிக்கிறான்னு பாரு. அவனுக்கு எழுதிப் போடு" என்றார். மூன்று மூச்சில் சொன்னார்.

"சரிப்பா."

"பினாங்குல இருந்து ஆரம்பிச்சு எழுது."

"சரிப்பா. எழுதுறேன்."

நான் ஃபோனை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். நித்தி அழுதுகொண்டிருந்தான். "அக்கா, எவன் வந்தாலும் எனக்கு ஒண்ணுதான். வரப்போறவன் இவனைவிடக் கறாரு. எனக்கு மூணு வருஷத்துக்கு முன்னாலயே தெரியும். அவருக்காகத்தான் ஆமா ஆமான்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்." நான் அந்த இளநீலச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

ஜூலை மாதம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு மத்தியானம் அப்பா முகமூடியை விலக்கி என் கையைப் பிடித்தார்.

"நான் போயிருக்கணும், ராஜி. நீ டிக்கெட் போடுறேன்னு சொன்னியே, அப்பவே போயிருக்கணும். அப்ப எனக்கு நடக்க முடிஞ்சிச்சு."

"பரவால்லப்பா."

"நான்தான் கையெழுத்துப் போடச் சொன்னேன். அவன் என்கிட்ட கேட்டுத்தான் போட்டான்." முகமூடியைத் திரும்பப் போட்டேன். மறுபடியும் விலக்கினார். "அவன் முகம் எனக்குச் சரியா ஞாபகம் வரமாட்டேங்குது."

என் ஃபோனில் இருந்த படத்தைக் காட்டினேன், சமையல்கட்டில் ஏப்ரனோடு நிற்கிற படம். வெகுநேரம் பார்த்தார். "இது யாரு, இவ்ளோ வயசானவன்?" என்றார். மூன்று நாள் கழித்துப் போய்விட்டார்.

ஸ்பிரிங்வேல் சுடுகாட்டில் இங்கே கொள்ளி கிடையாது, ஒரு பட்டனைத்தான் அழுத்த வேண்டும். மகன் அழுத்துவாரா என்று அந்த வெள்ளைக்காரப் பெண் மரியாதையாகக் கேட்டாள். மகன் ஃபோனில் இருந்தான். அவனுக்குக் கேட்கட்டும் என்று ஒரு கையில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நானே அழுத்தினேன். பெட்டி நகர்கிற சத்தம்தான் அவனுக்குக் கேட்டிருக்கும். அவனிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அழைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

பத்திரிகைக் கடைக்காரருக்கு நான் சொல்லவில்லை. ஒவ்வொரு வியாழனும் எடுத்து வைத்திருப்பார், நானும் வாங்கி வந்துவிடுவேன். நித்தி ரூமில் அடுக்கினேன். துணிக்கொடியைத் திரும்பக் கட்ட எனக்கு மனசு வரவில்லை. நவம்பரில் ஒருநாள் நித்தி கூப்பிட்டான்.

"அக்கா, நேத்து ஒருத்தர் கதவைத் தட்டினாரு. நம்ம எம்.பி. இடத்துக்கு நிக்கிறவரு. எதிர்க்கட்சி."

"உன்கிட்ட என்னத்துக்கு வர்றாரு?"

"ஓட்டு லிஸ்ட்ல என் பேரு இன்னும் இருக்காம். வீட்டுக்காரரு வருஷா வருஷம் பழைய பேரையே எழுதிக் குடுத்துடுறாரு போல. மிஸ்டர் நித்தியானந்தன்னு முழுப் பேரையும் சரியாச் சொன்னாரு, அக்கா. பேப்பர் இல்லாம இங்க ஒளிஞ்சு கிடக்குற ஆளுங்களை எல்லாம் நாங்க வந்தா வெளியேத்திடுவோம், உங்க ஓட்டு எங்களுக்குத்தானேன்னு கேட்டாரு."

"நீ என்னடா சொன்னே?"

"சரின்னு சொன்னேன்."

"எதுக்குடா சொன்னே?"

"கையை நீட்டினாருக்கா. குடுத்துட்டேன்."

வைய வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அந்தப் பக்கம் சமையல்கட்டில் ஏதோ கொதிக்கிற சத்தம் கேட்டது.

"அக்கா" என்றான். "நான் போட முடியாது, அது எனக்குத் தெரியும். சும்மாத்தான் கேக்குறேன். அப்பா இருந்திருந்தா இந்தத் தடவை யாருக்குப் போடச் சொல்லியிருப்பாரு?"

நான் பத்திரிகை அடுக்கைப் பார்த்தேன். மேலே கிடந்ததை இன்னும் பிரிக்கவில்லை.

"எலெக்சன் வரட்டும்டா" என்றேன். "பார்க்கலாம்."